கோமதி அத்தை வங்காளம் பேசிய ஞாயிற்றுக்கிழமை

என்னைப் பயமுறுத்தியவர்களின் பட்டியல் நீளமானது. சுங்க இலாகா அதிகாரிகள் உண்டு, ஒரு பல் டாக்டர் உண்டு, கரியாஹாட் முனையில் என்னை நடைபாதைமீது ஏற வைத்த ஒரு மினி பஸ் உண்டு. ஆனால் முதலிடம் ஒரு பெண்ணுக்குத்தான். அவளுக்குக் கை, கால், முகம் எதுவும் கிடையாது. என் லேப்டாப்புக்குள் குடியிருந்தாள். நேரலை பார்க்கிற யாராவது எதையாவது எழுதிப் போட்டால், அதை எடுத்துக் கணீரென்று வாசிப்பாள். அவளை வீட்டுக்குள் அழைத்து வந்து, ஸ்பீக்கரும் கொடுத்து, நடுக்கூடத்தில் உட்கார வைத்தவன் நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்து சைவக் குடும்பம். தாத்தா காலத்திலேயே கல்கத்தாவுக்கு வந்துவிட்டோம். அப்பா இங்கேயே பிறந்து, வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வங்காளம் பேசினால் வங்காளிகளே திரும்பிப் பார்ப்பார்கள். அம்மா கல்யாணமாகி இங்கே வந்து முப்பத்தைந்து வருடம் ஆகிறது. அவளுடைய வங்காளம் கரியாஹாட் மார்க்கெட்டில் காய்கறிக்காரர்களிடம் கற்றது. அதில் பேரம் பேசலாம், திட்டலாம், கொஞ்சம் அனுதாபப்படலாம். அதற்கு மேல் வண்டி ஓடாது. நான் கிடர்பூரில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் கப்பல் சரக்குகளுக்குச் சுங்கப் படிவம் நிரப்புகிறவன். ஆபீஸ் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை இரண்டு தடவை வெளியே எடுத்திருக்கிறேன் என்பதால், வீட்டில் எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று ஒரு பெயர். (அந்தப் பெயரை நான் மறுக்கவில்லை. முதல் குற்றம் அதுதான்.)

என் தங்கை உமா, சௌம்யா என்ற வங்காளிப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினாள். இங்கே சௌம்யா ஆண்பிள்ளைப் பெயர். 'உமா – சௌம்யா' என்று பத்திரிகை அடித்தால் ஊரில் அக்கா தங்கைக்குக் காதுகுத்து என்று நினைத்துவிடுவார்களே என்று அப்பா கவலைப்பட்டார். அதைவிடப் பெரிய கவலை மீன். அவர்கள் வீட்டில் மீன் இல்லாமல் விசேஷம் கிடையாது. எங்கள் வீட்டில் முட்டை போட்ட கேக்கூட வாசலோடு திரும்பிவிடும். இரண்டு குடும்பத்தையும் ஒரே அறையில் உட்கார வைக்க உமாவுக்கு இரண்டு வருடம் ஆனது. கடைசியில் அம்மா 'சரி' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

சௌம்யாவின் அம்மாவை நான் மாஷிமா என்று கூப்பிடுவேன். சன்னமான உடம்பு, சன்னமான குரல். அவர் ஒரு தடவை உமாவைத் தனியாக அழைத்து, "உங்கள் வீட்டில் எங்களை அசுத்தமானவர்கள் என்று நினைப்பார்களா?" என்று கேட்டிருக்கிறார். இல்லவே இல்லை என்று உமா கையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறாள். அந்தச் சத்தியத்தை நம்பித்தான் அவர்கள் எங்கள் வீட்டுப் படியேறச் சம்மதித்தார்கள்.

வங்காளிகளிடம் கல்யாணத்துக்கு முன்னால் 'ஆஷீர்பாத்' என்று ஒன்று உண்டு. பெரியவர்கள் நெல்லும் அறுகம்புல்லும் தலையில் வைத்து ஆசீர்வதித்து, நகை போட்டு, இனிப்பு ஊட்டுவார்கள். நம்முடைய நிச்சயதார்த்தம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்கும் பையனுக்கும் சேர்த்தே எங்கள் டாக்குரியா வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடத்துவதென்று முடிவானது. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் யாரும் வரவில்லை. பாதிப் பேருக்கு ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை. மீதிப் பேர், டிக்கெட் கிடைத்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டவர்கள். நேரில் வந்தால் சம்மதித்த மாதிரி ஆகிவிடும் அல்லவா. இந்த இரண்டாவது கட்சிக்குத் தலைவி, அப்பாவின் தங்கை கோமதி அத்தை.

சரி, நேரலையில் காட்டிவிடலாம் என்றேன் நான். அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

கிடர்பூர் பஸ்ஸில் போகும்போது, விளையாடிக்கொண்டே நேரலையில் பேசும் பையன்களை போனில் பார்ப்பது என் வழக்கம். பார்க்கிறவர்கள் ஏதாவது எழுதினால், ஒரு குரல் அதை அந்தப் பையனின் அறையிலேயே சத்தமாக வாசிக்கும். எழுதுகிற ஆள் எங்கேயோ இருப்பான், குரல் இங்கே கேட்கும். ஊரில் இருக்கும் நாற்பது பேரின் ஆசீர்வாதமும் இப்படி எங்கள் கூடத்தில் ஒலித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அதை நினைத்து எனக்கே கண் கலங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு கலங்கியதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டும்.

அதற்கான மென்பொருளை லேப்டாப்பில் ஏற்றினேன். ஆண் குரலா பெண் குரலா என்று கேட்டது. பெண் குரல் என்றேன். ஒரு செய்திக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை விநாடி இடைவெளி என்று கேட்டது. நிதானமாக இருக்கட்டும் என்று எட்டு போட்டேன். வாசிக்கக் கூடாத கெட்ட வார்த்தைகளின் பட்டியல் கொடு என்றது. மூன்று மொழிகளில் எனக்குத் தெரிந்ததையெல்லாம் உட்கார்ந்து எழுதினேன். (துறைமுகத்தில் ஒன்பது வருடம். பட்டியல் நன்றாகவே வந்தது.) எழுதி முடித்ததும் இனி எந்த ஆபத்தும் இல்லை என்ற நிம்மதி வந்தது. கோமதி அத்தை வாழ்நாளில் ஒரு கெட்ட வார்த்தைகூடப் பேசியதில்லை என்பது அப்போது என் மூளைக்கு எட்டவில்லை.

முதலில் ஒரு பாதுகாப்பு வைத்திருந்தேன். 'ஆசி' என்ற சொல்லில் தொடங்கும் செய்தியை மட்டும்தான் அவள் வாசிப்பாள். முந்தின நாள் மத்தியானம் ஊர்க்காரர்களை வைத்து ஒத்திகை பார்த்தேன். ஒருவரும் 'ஆசி' போடவில்லை. சித்தப்பா மட்டும் போட்டார், அதையும் செய்தியின் கடைசியில். அத்தை எழுதுவதே இல்லை. போனை வாயருகில் வைத்துப் பேசுவாள், அது எழுதிக்கொள்ளும். அவள் சொன்னது ஒன்றுகூட ஒலிக்காததால் என்னைக் கூப்பிட்டு, "ஏலே சங்கரா, நான் சொன்னா மட்டும் ஏன்லே ஊமையாயிருதா ஒன் மிஷினு?" என்று கோபப்பட்டாள். எனக்குப் பதில் சொல்லப் பயம். 'ஆசி' நிபந்தனையை எடுத்துவிட்டேன். யார் எதை எழுதினாலும் வாசிப்பாள் என்று ஆனது.

உமா என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, எதை எழுதினாலும் வாசிச்சிருமா?"

"கெட்ட வார்த்தை வந்தா வாசிக்காது."

"நம்ம வீட்டுல யாருண்ணா கெட்ட வார்த்தை பேசுதா? நான் அதுக்குப் பயப்படல."

நான் இருக்கேன்ல, என்றேன். உலகத்தில் பாதி விபத்துகளுக்கு முன்னால் யாரோ ஒருவன் இதைத்தான் சொல்லியிருப்பான் என்று இப்போது தோன்றுகிறது.

இங்கே எங்கள் குடும்ப வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் தமிழ் எங்களுக்குப் பூட்டிய அறை மாதிரி. புடவைக் கடைக்காரர் எதிரிலேயே, "இவன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, பாதிக்குக் கேளு" என்று அம்மா என்னிடம் சொல்வாள். கடைக்காரரும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில், பக்கத்து வீட்டுப் பூஜையில், எங்கும் நாங்கள் நினைத்ததை நினைத்தபடி முகத்தை மட்டும் பவ்யமாக வைத்துக்கொண்டு பேசுவோம். மூன்று தலைமுறையாக ஒரு தடவைகூட மாட்டிக்கொண்டதில்லை. அதனால் எங்கள் வீட்டில் யாருக்கும் வாயை அடக்கிப் பழக்கமே கிடையாது.

இந்த வழக்கத்தை மறந்து, ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஒரு காரியம் செய்தேன். மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்து புரியாத பாஷையில் நாற்பது வாழ்த்தைக் கேட்பது மரியாதையாகப் படவில்லை. லேப்டாப்பில் 'மொழிபெயர்த்து வாசி' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் டிக் போட்டு, வங்காளம் என்று தேர்ந்தெடுத்தேன். எல்லோருக்கும் இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாமல் அம்மாவும் ஒரு காரியம் செய்திருந்தாள். ஊருக்கு போன் போட்டு, "தமிழ்லதான் வாசிக்கும், இங்க ஒருத்தருக்கும் புரியாது, கூச்சப்படாம எழுதுங்க" என்று எல்லோருக்கும் தைரியம் சொல்லியிருந்தாள்.

பதினொரு மணிக்கு அவர்கள் வந்தார்கள். சௌம்யா, மாஷிமா, சௌம்யாவின் அப்பா, அவருடைய அக்கா. அந்த அக்காவை எல்லோரும் பிஷி என்பார்கள். வந்ததும் மூலையில் இருந்த பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மாஷிமா கையில் ஒரு பெரிய தாம்பாளம், சிவப்புத் துணி போட்டு மூடியிருந்தது. துணியை எடுத்தார். உள்ளே முழு நீளத்துக்கு ஒரு மீன். மூக்குத்தி போட்டு, நெற்றியில் பொட்டு வைத்து, மணப்பெண் மாதிரி அலங்கரித்திருந்தது. அம்மாவின் முகம் வெளுத்தது. மாஷிமா அவசரமாக விளக்கினார். அவர்கள் வழக்கப்படி மீன் கொண்டுவர வேண்டும், எங்கள் வழக்கப்படி கொண்டுவரக் கூடாது; அதனால் முதல் நாள் முழுக்கப் பாலைக் காய்ச்சிச் சுண்ட வைத்து, அந்தக் கோவாவில் மீன் செய்திருக்கிறார். செதில்களைக் கரண்டி முனையால் ஒவ்வொன்றாக அழுத்தினாராம். கண்ணுக்கு ஒரு திராட்சை. எனக்கு உண்மையிலேயே மனம் நெகிழ்ந்தது. போன் கேமராவை மீனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு நிமிஷம் முழுசாகக் காட்டினேன். ஊரில் இருப்பவர்களுக்கு அது கோவா என்று யார் சொல்வது? அது எனக்குத் தோன்றவில்லை.

சடங்கு தொடங்கியது. உமாவும் சௌம்யாவும் கோலம் போட்ட இடத்தில் மணையில் உட்கார்ந்தார்கள். விளக்கு அணையக் கூடாதென்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். நான் வாசல் பக்கம் நின்று போனில் படம் பிடித்தேன். லேப்டாப் எதிர் மூலையில், பிஷியின் நாற்காலிக்குப் பின்னால், தையல் மிஷின் மேல் இருந்தது. எனக்கும் அதற்கும் நடுவே கோலம், விளக்கு, தாம்பாளங்கள், மணப்பெண், மாப்பிள்ளை. இந்த அமைப்பைத் திட்டமிட்டவனும் நானே.

முதல் செய்தி சென்னையிலிருந்து சித்தப்பா எழுதியது. நல்ல முறையான ஆசீர்வாதம். அவள் அதைச் சுத்தமான கல்கத்தா வங்காளத்தில், ரேடியோவில் செய்தி வாசிப்பவர் போல நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். சௌம்யாவின் அப்பா நெல்லை எடுத்த கையோடு நிமிர்ந்து, "பா, கூப் ஷுந்தொர்" என்று பாராட்டினார். அப்பா என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையசைத்தார். நான் பெரிய ஆள் என்ற எண்ணம் எனக்கு எட்டு விநாடி இருந்தது.

இரண்டாவது செய்தி: மாப்பிள்ளைக்குப் பொம்பளைப் பெயர் வைத்திருந்தாலும் ஆள் ஜம்மென்று இருக்கிறார்.

சௌம்யா கழுத்தைச் சொறிந்துகொண்டான். அவன் அப்பா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், ஆனால் முதுகில் ஒரு வியர்வைத் துளி இறங்கியது. அடுத்தது அத்தை. மூலையில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாள் தூங்குகிறாளா, உயிரோடுதான் இருக்கிறாளா என்று யாராவது பாருங்கள்.

பிஷி கண்ணைத் திறந்தார். அறையில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் எனக்கு விஷயம் முழுசாகப் புரிந்தது. நாற்பது திருநெல்வேலிக்காரர்கள், பூட்டிய அறைக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டு, மைக்கில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அம்மா திகைத்துப்போய் என்னைப் பார்த்து, "இது எப்பலேர்ந்துலே பெங்காலி பேசுது?" என்றாள்.

போனை வாயருகில் கொண்டுவந்து, கேமராவுக்குள் ரகசியமாகச் சொன்னேன்: "அத்தை, யாரும் எதுவும் எழுதாதீங்க. இங்க எல்லாம் பெங்காலியில வருது." நேரலை ஊருக்குப் போய்ச் சேர அரை நிமிஷம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். அந்த அரை நிமிஷத்தை விநாடி விநாடியாக எண்ணினேன். பிறகு பதில் வந்தது. சங்கரன் என்னமோ முணுமுணுக்கிறான், சத்தமாகப் பேசச் சொல்லுங்கள். அவள் அதையும் எல்லோருக்கும் வாசித்தாள்.

நேரலையையே நிறுத்திவிடலாம் என்று போனில் அமுக்கினேன். விரல் வேறெங்கோ பட்டு, முன்பக்கக் கேமரா திறந்துகொண்டது. ஊரில் டிவியில் இணைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது பேர் எதிரில், அகலத் திரையில், என் முகம். 'சங்கரன் ஏன் அழுகிறான்?' 'தங்கச்சி போகிறாள் என்று இருக்கும்.' 'அவனுக்கு எப்போது கல்யாணம்?' வரிசையாக வந்து விழுந்தன. எட்டு விநாடிக்கு ஒன்றாக அவள் வாசிப்பாள், ஒன்றைக்கூட விடமாட்டாள். அவ்வளவு கவனமாக அமைத்திருந்தேன்.

அப்போதுதான் அந்தச் செய்தியைப் பார்த்தேன். போன் திரையில், வரிசையில் ஐந்தாவதாக நின்றது. அத்தை.

'ஐயோ, நம்ம வீட்டுக்குள்ள மீனைக் கொண்டாந்துட்டாளுவளே. அண்ணனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? வீடு பூரா கழுவி விட்டாலும் தீட்டுப் போகுமா?'

மாஷிமா சரியாக அந்தத் தாம்பாளத்துக்குப் பக்கத்தில்தான், கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார். உமாவின் சத்தியம், இரண்டு வருடம், கரண்டி முனையால் அழுத்திய அத்தனை செதில், எல்லாம் இன்னும் நாலு செய்தி தூரத்தில். நாலு என்றால் ஒரு நிமிஷம்கூட இல்லை. உமா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் எதுவும் படிக்கவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்தாள். அவள் கண்ணிலும் பயம் வந்துவிட்டது.

நான் நகர்ந்தேன். சௌம்யாவின் அப்பா மணமக்கள் தலைமேல் புல்லை நீட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கைக்கு அடியில் குனிந்து போனேன். கோலத்தில் ஒரு கால் வைத்தேன். அவள் வாசித்துக்கொண்டே இருந்தாள்: சங்கரன் ஏன் அழுகிறான். தங்கச்சி போகிறாள் என்று இருக்கும். அவனுக்கு எப்போது கல்யாணம். அடுத்தது மறுபடி அத்தை: யாரோ ஒரு பொம்பளை மைக்கில் விடாமல் பேசிக்கொண்டே இருக்கிறாளே, அவள் எப்போது வாயை மூடுவாள், நம் ஆசீர்வாதத்தை எப்போது வாசிப்பார்கள்? தன்னைப் பற்றிய அந்தப் புகாரையும் அவள் கொஞ்சமும் கோபப்படாமல் வாசித்தாள். நான் பிஷியின் முழங்காலைத் தாண்டி, சுவரோரம் தெரிந்த ஒயரைப் பிடித்து, பலம் கொண்ட மட்டும் இழுத்தேன்.

ஃப்ரிட்ஜ் நின்றது. ஸ்பீக்கருக்கு ஒயரே கிடையாது. ஒயர் இல்லாத ஸ்பீக்கர் என்று காலையில் சௌம்யாவிடம் பீற்றிக்கொண்டவன் நான்தான்.

மீன் செய்தி வந்தது. ஒரு எழுத்து பிசகாமல், இனிமையாக, நிறுத்தி நிதானமாக வந்தது. தீட்டு என்ற சொல்லுக்கு அவள் 'அஷுத்தொ' என்றாள். மாஷிமா உமாவிடம் பயந்து பயந்து கேட்டாரே, அதே சொல்.

பாலிகஞ்ச் பக்கம் போகும் ரயில் ஒன்று டாக்குரியா ஸ்டேஷனில் நின்று கிளம்புவது கேட்டது. மாஷிமா தாம்பாளத்தைப் பார்த்து, தவறு செய்துவிட்ட மாதிரி, மிக மெல்லச் சொன்னார்: "எடா கீரேர். மாச் நொய்." இது பாலில் செய்தது, மீன் இல்லை. வாழ்நாளில் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. அவர் கை சிவப்புத் துணியைத் தேடியது, மூடிவிடலாம் என்று.

லேப்டாப் பூட்டிக்கொண்டு பாஸ்வேர்ட் கேட்டது. அடித்தேன், தப்பு. மறுபடி அடித்தேன், தப்பு. எட்டு விநாடி ஆகிவிட்டது. அத்தையின் அடுத்த செய்தி கிளம்பியது. இந்தத் தடவை அம்மாவுக்கு: மதினி, இந்தச் சம்பந்தத்தை நினைத்து நீ ரெண்டு நாளாக போனில் என்னிடம் அழுதது எனக்கு மட்டும்தான் தெரியும், இப்போது பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாயே, எப்படி?

அறையில் இருந்த எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார், அவருக்கும் அது புதுச் செய்தி. உமா மணையில் உட்கார்ந்தபடியே வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கல்யாணம் முடிந்தது என்று நான் நினைத்தேன். முடிந்தது என்றால், நடக்காமலே முடிந்தது. இனி இந்த வீட்டில் நான் எங்கே போய்ச் சாப்பிடுவேன் என்றுகூட அந்த நேரத்தில் ஒரு யோசனை ஓடியது. (பயத்திலும் எனக்குப் பசிக்கும்.)

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். காய்கறிக்காரரிடம் பேரத்துக்குப் போகும்போது அப்படித்தான் செருகுவாள். நேராக மாஷிமா எதிரில் போய் நின்றாள். தன்னுடைய கரியாஹாட் வங்காளத்தில், வினைச்சொல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய, சொன்னாள். நான் அழுதேன், உண்மைதான். பிடிக்காமல் அழவில்லை. எனக்குப் பயம். உங்கள் எதிரில் ஏதாவது தப்பாகச் செய்து, என் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிடுவேனோ என்று பயம். எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும்.

மாஷிமா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். பிறகு, "ஆமியோ" என்றார்.

நானும்தான் என்று அர்த்தம். அவரும் அழுதிருக்கிறார். பால் காய்ச்சும்போதே அழுதாராம். அடி பிடித்துவிடுமோ என்றும், நீங்கள் அதைத் தொடாமலே இருந்துவிடுவீர்களோ என்றும். அம்மா குனிந்தாள். மீனின் வாலை ஒடித்தாள். வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றாள். ஏலக்காய் போட்டிருக்கீங்களா என்று கேட்டாள். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள், இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். எனக்கும்தான். முதலில் சொன்னேனே, வித்தியாசம் தெரிய வேண்டும் என்று, அது இதுதான்.

பாஸ்வேர்ட் ஏறிவிட்டது. நிறுத்துவதற்கு விரலை வைத்தேன். பின்னாலிருந்து பிஷி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "நிறுத்தாதே. எந்த விசேஷத்திலும் நான் இவ்வளவு நேரம் விழித்திருந்ததில்லை" என்றார் வங்காளத்தில்.

அரை நிமிஷம் தாமதமாக நாங்கள் இன்னும் ஊரில் டிவியில் தெரிகிறோம் என்பதை எல்லோரும் மறந்துவிட்டோம். போன் என் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்தபடி இன்னும் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அத்தையின் கடைசிச் செய்தி வந்தது. செய்தி வாசிக்கும் அந்தக் குரலில், அதே நிதானத்தில்: 'மதினி மீனைத் தின்றுவிட்டாள்.'

முதலில் சிரித்தது மாஷிமாதான். அதன் பிறகு யார் சிரித்தார்கள் யார் சிரிக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. நான் தையல் மிஷினுக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன்.

அன்று மாலை அத்தைக்கு போன் செய்து விவரம் சொன்னேன். அவள் சொன்னதெல்லாம் வங்காளத்தில் ஒலித்தது என்றேன். அந்தப் பக்கம் டிவியை அணைப்பது கேட்டது.

"எல்லாமேவா?" என்றாள்.

"எல்லாமேதான் அத்தை."

"அந்தம்மா தூங்குதாவளான்னு கேட்டது?"

"அதுவும்தான்."

பிறகு, "அந்தப் பொம்பளை திருத்தமா வாசிச்சாளா?" என்று கேட்டாள். நல்லா வாசிச்சா என்றேன். அது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல்.

கல்யாணம் நடந்தது. அத்தை டிக்கெட் எடுத்து வந்தாள். மாஷிமா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்து, தனியாக ஒரு சின்னக் கோவா மீன் பரிமாறினார். அத்தை அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டாள். எனக்குக் கல்யாணத்தில் செருப்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்தார்கள். பிஷி இப்போதும் எந்த விசேஷத்திலும் மூலை நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடுவதற்கு முன்னால் என்னைப் பார்த்து, "தூங்கலை" என்பார். அவருக்குத் தெரிந்த தமிழ் அது ஒன்றுதான். அம்மா புடவைக் கடையில் என் காதுக்குள்தான் பேசுகிறாள். மெட்ரோவில் அடுத்த நிலையம் எது என்று ஒரு பெண் குரல் அறிவித்தால், என் உள்ளங்கை இன்றைக்கும் வியர்க்கிறது. நிலையத்தின் பெயரைச் சொல்லிவிட்டு அவள் வேறு ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று காத்திருக்கிறேன்.

ஆனால் ஊரில் பாதிப் பேர் கோவா விஷயத்தை இன்னும் நம்பவில்லை. கண்ணால் பார்த்தோம், மூக்குத்தி போட்ட மீன், மதினி வாலை ஒடித்துத் தின்றாள் என்கிறார்கள். போன வருடம் அங்கே ஒரு கல்யாணப் பந்தியில் அம்மாவும் நானும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தோம். அவியல் பரிமாற வந்த அத்தை, பத்து பேர் கேட்கும்படி, "மதினி, இங்ஙன மீனு கிடையாது. சைவந்தான். சங்கடப்படாதீய" என்றாள்.

அம்மா இலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"இருக்கட்டும். கல்கத்தாவுக்குப் போய் சம்பந்தி வீட்டுல சாப்பிட்டுக்கிடுதேன்" என்றாள்.

நான் இடது கையால் சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது.